மஞ்சள் கோடு

அந்தச் சன்னலக் கொஞ்சம் சாத்திக்கறீங்களா? தூசி வருதுங்க. காத்து வேணுமா, சரி, பாதி சாத்துங்க, பாதி போதும். எனக்காகச் சொல்லல, மடியில இருக்கற இந்தப் பெட்டிக்காகத்தான். சித்தெ கையெடுங்க, முன்னால இருக்கற கம்பியத் தொடச்சர்றேன். ஸ்பிரிட்டுங்க. ஊசி போடறதுக்கு முன்னால ஆஸ்பத்திரில தடவுவாங்களே, அதேதான். எந்நேரமும் ஒரு சின்ன பாட்டில் பையில வெச்சிருப்பேன். உங்களுக்கும் ரெண்டு சொட்டு விடட்டுங்களா? வேண்டாமா, சரி.

கொய்யாவா? இல்லீங்க, இருக்கட்டும். தப்பா நெனச்சுக்காதீங்க, வெளியில நான் எதையும் தின்னறதில்ல. பழக்கமாயிருச்சு.

கண்டக்டர் டிக்கெட் குடுக்கறப்ப என்ன கேட்டாருன்னு கவனிச்சீங்களா? 'இன்னைக்காச்சும் எறங்கிருவீங்களா சார்?'னு. கேலி பண்றார். இந்த வண்டியில அப்பப்ப வர்றதுதான், வேலை விசயமா. அதுல பழக்கம். வேற ஒண்ணுமில்ல.

நீங்க எதுவரைக்கும்? ரொட்டிக்கடை தாண்டி பள்ளிக்கூட ஸ்டாப்பா! நானும் அங்கதானுங்க. தங்கச்சி வீடா? நல்லது. ஆளுக நாலு எடத்துல இருக்கறது நல்லதுதான். எனக்கு அந்த ஊர்ல யாருமில்ல. ஒரு கையெழுத்து வாங்கணும், அவ்வளவுதான். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள வாங்கியாகணும்.

என் பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வேலை. பேரெல்லாம் எதுக்கு, விடுங்க. இருபத்தொம்பது வருசமாச்சு, வர்ற மார்ச்சுல ரிட்டயர்டு. டாக்டர் பட்டமெல்லாம் கெடையாதுங்க. ஆனா அங்க டாக்டர் பட்டம் வாங்குன அத்தனை பேருக்கும் தட்டு ஊத்தக் கத்துக்குடுத்தவன் நான்தான். தட்டுன்னா சாப்பாட்டுத் தட்டில்ல. கண்ணாடியாட்டம் இருக்கும், உள்ளங்கை அகலம், மேல மூடி இருக்கும். அதுல சத்துக் கஞ்சிய ஊத்தி உறைய வெச்சு, காளானோட வேராட்டம் இருக்கற நூல வளப்போம்.

ஆமாங்க, காளான்தான். குழம்பு வைக்கறதான்னுதானே கேக்க வர்றீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. இது திங்கற காளானில்ல. இதோ, இந்த மலையில ஆடி மழைக்கு, விழுந்து கெடக்கற மரத்துமேல மொளைக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதுக்குள்ள ஒரு மஞ்சப் பொருள் இருக்குதுங்க. வாழையில வாடல் நோய் வருதில்ல, அந்தக் கிருமிய இது கிட்டயே அண்டவிடறதில்ல. அப்படிப்பட்ட சரக்கு. ஆனா காட்டுலேர்ந்து எவ்வளவு பறிக்க முடியும்? ஒரு கூடை பறிச்சா ஒரு சிட்டிகை தேறாது. அதனால, காளான் அதை எப்படிச் செய்யுதுன்னு கண்டுபிடிச்சா நாமளே செஞ்சுக்கலாம். அதுதான் எங்க வேலை.

எப்படிச் சொல்றது... காளானுக்குள்ள ஒரு சமையக்கட்டு இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அதுல சமையக்காரங்க வரிசையா நிக்கறாங்க. ஒருத்தர் அரியறார், ஒருத்தர் தாளிக்கறார், ஒருத்தர் புளி கரைச்சு ஊத்தறார். ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு வேலைதான் தெரியும். அந்தச் சமையக்காரங்களைத்தான் நொதின்னு சொல்றது, என்சைம். எங்களுக்குக் குழம்பு கெடைச்சிருச்சு. வெச்ச ஆளுக யாருன்னு தெரியல. அதுதான் சிக்கல்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு. காட்டுக் காளான்ல மஞ்சப் பொருள் இருக்குது. அதே காளானக் கொண்டாந்து தட்டுல வளத்தா, ஒரு சொட்டு இருக்காது! நல்லா வளரும், வெள்ளவெளேர்னு வளரும், ஆனா அடுப்பு மட்டும் பத்தாது. ஆறு வருசம் பாத்தனுங்க. சூட்டை மாத்திப் பாத்தாச்சு, வெளிச்சத்த மாத்திப் பாத்தாச்சு, கஞ்சியில மரத்தூள் போட்டுப் பாத்தாச்சு. ம்ஹூம். என்ன கொறைச்சல் அதுக்கு? சுத்தமான கஞ்சி, சுத்தமான காத்து, தொந்தரவு பண்ண ஒரு ஈ எறும்பு கெடையாது. நான் அப்படி வெச்சிருந்தேன்.

என் தட்டுல இருபத்தொம்பது வருசத்துல ஒரு தடவகூடப் பூசணம் விழுந்ததில்லீங்க. பெருமைக்குச் சொல்லல. டில்லிலேர்ந்து சோதனைக்கு வந்தவங்களே எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க.

ஆழியார் டேம் தெரியுதா அந்தப் பக்கம்? தண்ணி நல்லா இருக்குது இந்த வருசம். இனிமே வளைவு ஆரம்பிச்சுரும். நாப்பது வளைவு. தல சுத்துனா முன்சீட்டப் பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், அந்தப் புள்ள. பேரு பவுலின். ரெண்டு வருச ஒப்பந்தத்துல சேந்துச்சு. இந்த மலைக்காரப் புள்ளதான், அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறாங்க. படிச்ச புள்ள, மூளை இருக்குது, இல்லேங்கல. ஆனா ஒரு ஒழுங்கு வேணாமா? வேலை செய்யறப்ப பாட்டு. தட்டு மேல நம்பர் எழுதுன்னா, நம்பரோட பேரும் வெச்சிரும். 'இன்னைக்குக் கருப்பாயி நல்லா வளந்துட்டா சார்'னு வந்து நிக்கும். மத்தியானம் வராந்தாவுல தூக்குப் போசியத் தொறந்துட்டு, 'சார், கப்பக்கெழங்கு, ஒரு வாய் சாப்பிடுங்க சார்'னு நீட்டும். நான் வேண்டாம்பேன். மறுநாளும் நீட்டும். ரெண்டு வருசம் நீட்டுச்சுங்க. ஒருத்தர் வேண்டாங்கறார்னா விட்டுற வேண்டாமா?

வந்த புதுசுல ஒண்ணு சொல்லுச்சு. 'சார், சின்ன வயசுலேர்ந்து இந்தக் காளானப் பாக்கறேன், இது தனியா நின்னு நான் பாத்ததே இல்ல. பக்கத்துல ஏதாச்சும் பூசணம் இருந்துட்டேதான் இருக்கும்'னுச்சு. நான் சொன்னேன், 'இத பாரு பவுலின், காட்டுல ஆயிரம் இருக்கும். லேப்புல ஒண்ணுதான் இருக்கணும்.' சரிதானுங்களே நான் சொன்னது? புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்குது.

எனக்கு அது மேல நம்பிக்கை இல்ல. அதனால தெனமும் காலையில அது வர்றதுக்கு முன்னால போயி, அதோட தட்டுகள ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துருவேன். மூடியில ஆவி படிஞ்சிருக்குமா, மேல இருந்து பாத்தா தெரியாது. அதனால மூடியத் தொறந்து, குனிஞ்சு நல்லாப் பாத்துட்டு மூடி வெச்சிருவேன். பெரிய மனுசன்னு ஒருத்தன் இருந்தா பாக்க வேண்டாமா? யாரும் பாக்கச் சொல்லல. நானாத்தான் பாத்தேன்.

பாருங்க, வரையாடு! அந்தப் பாறை மேல. போயிருச்சு. ஒத்தையா நின்னுட்டிருந்துச்சு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, இதே ஆடி மாசம். ஒருநாள் காலையில மூடியத் தொறந்தா பச்சைப் பூசணம்! ஒரு தட்டுல இல்ல, பதினோரு தட்டுல. எங்க லேப்புல பூசணம் விழுந்துட்டா அதுக்கு ஒரே விதிதான். ஆட்டோகிளேவ். பெரிய பிரஷர் குக்கர்னு வெச்சுக்குங்க. அள்ளி உள்ள போட்டு அவிச்சு, குப்பைக்கு அனுப்பறது. நான் தட்டுகள அள்ளிட்டுப் போறேன், அந்தப் புள்ள எதுக்க வருது. வந்து குறுக்க நின்னுக்கிச்சு.

'சார், பூசணம் மூணு நாளாவே இருக்கு, நான்தான் வேணும்னே விட்டு வெச்சிருக்கேன் சார். பூசணமும் காளானும் முட்டற எடத்துல ஒரு மஞ்சள் கோடு வருது. அந்தக் கோட்ட மட்டும் பாருங்க சார். ஒரு தடவ பாருங்க.'

மூணு நாளா வெச்சிருந்திருக்குது! மூடி மேல பேரெழுதி, ரொட்டி டப்பாவுல போட்டு, பின்னால தள்ளி வெச்சிருந்திருக்குது! அன்னைக்கு டப்பா முன்னால வந்திருந்ததாலதான் என் கண்ணுல பட்டுச்சு. எனக்கு வந்த கோவத்துல, கோடாவது ஒண்ணாவதுன்னு, பாக்கவே இல்லீங்க. கொண்டுபோயி அவிச்சுட்டேன். பதினொண்ணுதான் மொத்தமேன்னு நெனச்சேன். வேற இருக்குதான்னு தேடிப் பாக்கல.

அன்னைக்கே டைரக்டரம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். நீளமா ஒண்ணுமில்ல. ரெண்டே வார்த்தைதான் அதுல முக்கியம். அலட்சியம், ஒழுங்கீனம். நான் எழுதுனா அந்தம்மா மறுபேச்சு பேச மாட்டாங்க, இருபத்தொம்பது வருசமில்லீங்களா. அந்தக் கடுதாசி அந்தப் புள்ளயோட ஃபைல்ல ஏறிருச்சு. அந்த மாசத்தோட ஒப்பந்தம் முடிஞ்சுது, நீட்டிக்கல. ஃபைல்ல அப்படி ஒண்ணு ஏறிட்டா வேற லேப்புலயும் எடுக்க மாட்டாங்க. அது எனக்கு அப்பத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல முடியாது. யோசிக்கல.

கடைசி நாள் வந்து நின்னுச்சு. 'போயிட்டு வர்றேன் சார்'னுச்சு. நான் குடுவை கழுவிட்டிருந்தேன். கை ஈரமா இருந்துச்சா, திரும்பல. சரின்னு மட்டும் சொன்னேன். கை ஈரமா இருந்தா எப்படிங்க திரும்பறது?

அப்பறம் லேப்பு சுத்தமாயிருச்சு. பாட்டு இல்ல, கப்பக்கெழங்கு இல்ல, கருப்பாயி இல்ல. நான் நெனச்சாப்பலயே ஆயிருச்சு. காலையில போவேன், யாரோட தட்டையும் பாக்க வேண்டியதில்ல. என் தட்டு மட்டும் வெள்ளவெளேர்னு இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். சன்னலெல்லாம் சாத்தி, தரையெல்லாம் தொடச்சு, சத்தமே இருக்காது. வீட்டுக்காரி பையன் வீட்டுக்குப் போயிருக்கறா, ஓசூருக்கு. ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்னு போனா. ஆறு வருசமாச்சு. வந்துருவா. பேரன் கொஞ்சம் பெருசாகட்டும்னு இருக்கறா. ஒருதடவ அவ அக்கா வீட்டு ஆளுக வந்தப்ப, வாசல்ல கைகழுவிட்டு வாங்கன்னு சொன்னேன். அதுல ஒரு மனத்தாங்கல். கைகழுவறதுல என்னங்க மனத்தாங்கல்?

ஒம்பதாவது வளைவா பதினொண்ணா இது? போர்டப் பாத்தீங்களா? சரி விடுங்க.

கார்த்திகை மாசம் குளிர் அறையச் சுத்தம் பண்ணிட்டிருந்தேன். குளிர் அறைன்னா, பெரிய ஃப்ரிட்ஜு, ஆளே உள்ள போகலாம். அடித்தட்டுல, மூலையில, துணியில சுத்தி ஒரே ஒரு தட்டு. பன்னெண்டாவது தட்டு. மூடி மேல அந்தப் புள்ள கையெழுத்து. என்ன எழுதியிருந்துச்சு தெரியுங்களா? 'சென்னியப்பன் சார் பாக்கறதுக்கு.'

திட்டு வாங்கி, வேலை போயி, பெட்டி கட்டிட்டுப் போற புள்ள, எனக்குன்னு ஒரு தட்ட எடுத்து வெச்சுட்டுப் போயிருக்குதுங்க.

பாத்தேன். ஒரு பக்கம் வெள்ளையா காளான். இன்னொரு பக்கம் பச்சையா பூசணம். ரெண்டும் முட்டற எடத்துல, நகத்தால கீறுனாப்பல, மஞ்சள் கோடு. ஆறு வருசமா நான் தேடுன மஞ்சள். நின்னுட்டே இருந்தேன். குளிர் அறையில அவ்வளவு நேரம் நிக்கக் கூடாது. நின்னேன்.

அப்பறம் வேலை ஓடுச்சு. அந்தக் கோட்டுலேர்ந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, எந்தெந்தச் சமையக்காரங்க முழிச்சிருக்காங்கன்னு பாத்தோம். அந்தப் புள்ள முன்னாலயே காளானோட மரபணுவ முழுசாப் படிச்சு, இந்த நாப்பது பேர்ல யாரோதான்னு பட்டியல் போட்டு வெச்சிருந்துச்சு. நாப்பதுல அஞ்சு பேர் முழிச்சிருந்தாங்க. மத்தவங்க தூக்கம். அந்த அஞ்சு பேரையும் ஈஸ்ட்டுக்குள்ள விட்டுப் பாக்கணும். ஈஸ்ட்டு, பன்னு செய்யறவங்க போடுவாங்களே, அதுதான். ஈஸ்ட்டுக்கு இந்தச் சமையல் தெரியாது, நாம ஒவ்வொரு ஆளா உள்ள விட்டா யாரு என்ன செய்யறாங்கன்னு தெரிஞ்சுரும். மொதல் ஆள விட்டா ஒண்ணும் தெரியல. ரெண்டாவது ஆளையும் சேத்தா, மெசினுக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு மாத்தம். அதுக்கே ஒரு வருசம் ஓடிப்போச்சு. மூணாவது ஆளையும் சேத்து வெச்சுட்டு, இந்தத் தைக்கு மாட்டுப்பொங்கலன்னைக்கு மத்தியானம் போயிப் பாக்கறேன். குடுவை மஞ்சளா இருக்குது! வெறுங்கண்ணுக்குத் தெரியுது! கெழங்கு மஞ்சள அரைச்சுக் கரைச்சாப்பல!

லீவு நாளு. லேப்புல ஒரு ஆள் இல்ல. டைரக்டரம்மா ஊருக்குப் போயிட்டாங்க. வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். 'பொடியனுக்குச் சோறூட்டிட்டிருக்கேன், அப்பறம் பேசறேன்'னா. அப்பறம்னா எப்பன்னு நான் கேக்கல, அவளும் கூப்புடல. குடுவையத் தூக்கிட்டு வாட்ச்மேன் மாரண்ணன்கிட்டப் போனேன். 'மாரண்ணா, இத பாரு'ன்னேன். பாத்தார். 'யாருக்குங்க சார் காமாலை?'ன்னார். அந்த மனுசன் மேல என்ன தப்பு, அவருக்கு என்ன தெரியும்.

திரும்பி உள்ள வந்து குடுவைய வெச்சுட்டு, 'பவுலின், இங்க வந்து பாரு'ன்னேன். சத்தமா சொல்லிட்டேங்க. அவ்வளவு பெரிய அறையில நான் ஒருத்தன். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அழுகை வந்துச்சு, மறைப்பானேன். அப்பறம் மேசையத் தொடச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

இல்லீங்க, கதை அதோட முடியல. முடிஞ்சிருந்தா நான் ஏன் இந்த வண்டியில வர்றேன்.

இதை ஆய்வுக் கட்டுரையா எழுதி அனுப்பணும். எழுதறப்ப ஒரு கேள்வி. அந்தப் பச்சைப் பூசணம் எது, எங்கிருந்து வந்துச்சு? அது தெரியாம எழுதுனா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நான் சொன்னேன், நான் கண்டுபிடிக்கறேன்னு. உள்ளுக்குள்ள என்ன நெனப்புன்னா, அந்தப் புள்ளயோட அலட்சியத்துலதான் வந்துச்சுன்னு நிரூபிச்சுறணும். அப்ப நான் எழுதுன ரெண்டு வார்த்தையும் சரின்னு ஆயிருமில்லீங்களா.

கஞ்சி ஊத்துன தட்டுகளை மூடாம, லேப்பு பூரா வெச்சேன். அந்தப் புள்ள உக்காந்த எடத்துல ஒண்ணு. தூக்குப் போசி வெக்கற வராந்தா அலமாரியில ஒண்ணு. ஏசி தொளைக்குக் கீழ ஒண்ணு. அது மாட்டிட்டிருந்து விட்டுட்டுப் போன லேப் கோட்டு மேல ஒண்ணு. எந்த எடத்துப் பூசணம் தட்டுல விழுந்து வளருதுன்னு பாத்தா ஆள் தெரிஞ்சுரும். கடைசியா ஒண்ணு, என் நாற்காலிகிட்ட. அது எதுக்குன்னா, எதுவும் வராதுன்னு காட்டறதுக்காக வெச்ச தட்டு. எந்தச் சோதனையிலயும் அப்படி ஒண்ணு வெக்கணும்.

நாலு நாள் கழிச்சுப் பாத்தேன். எல்லாத் தட்டுலயும் ஏதேதோ பூசணம். கருப்பு, சாம்பல், வெள்ளை. அந்தப் பச்சை எதுலயும் இல்ல. என் தட்டுல மட்டும் இருந்துச்சு.

நம்பல. மறுபடியும் வெச்சேன். மறுபடியும் வந்துச்சு. டி.என்.ஏ. படிச்சுப் பாத்தா, அந்தப் புள்ள தட்டுல இருந்த பச்சையும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. என் நாற்காலியில என்ன இருக்குது? என் ஸ்வெட்டர். வளப்பு அறையில ஏசி ஜாஸ்தி, எனக்கு ஒத்துக்காது, காலையில வர்றப்பவே போட்டுட்டு வருவேன். அப்பறம் வீட்டுல பீரோவுக்குள்ள தட்டு வெச்சுப் பாத்தேன். பீரோ பூரா அதே பச்சை. தூசி வரும்னு சன்னலத் தொறக்கறதே இல்லீங்களா, ஆடி மழைக்குச் செவுரெல்லாம் ஈரம் ஊறி ஓதமேறியிருக்குது. எனக்குத் தெரியல.

என் வேலைக்கு உக்கார்றப்ப ஸ்வெட்டரக் கழட்டி நாற்காலியில போட்டுட்டுத்தான், கோட்டு மாட்டிக்கிட்டு உக்காருவேன். அது விதி. அதனாலதான் என் தட்டுல என்னைக்கும் விழுந்ததில்ல. ஆனா அந்தப் புள்ளயோட தட்டப் பாக்கறது வேலை இல்லீங்களே? வந்ததும் சும்மா ஒரு பார்வை. ஸ்வெட்டரோடவே மூடியத் தொறந்து, அது மேல குனிஞ்சு... தெனமும். ரெண்டு வருசம்.

புரியுதுங்களா நான் என்ன சொல்றேன்னு? பூசணம் விட்டது நான். அலட்சியம்னு எழுதுனதும் நான்.

இல்லீங்க, குளிரல. இந்த ஸ்வெட்டர்தான் அது. பயப்படாதீங்க, வெந்தண்ணியில மூணு தடவ அலசிட்டேன். வேற ஸ்வெட்டர் இல்ல.

டைரக்டரம்மாகிட்டப் போயிச் சொன்னேன். அந்தம்மா பேனாவ மூடி வெச்சாங்க. அப்பறம், 'தற்செயலா வந்த பூசணம்னு போட்டுக்கலாம் சென்னியப்பன், யாரு கேக்கப் போறாங்க'ன்னாங்க. நான் ஒத்துக்கல. ஆய்வாளரின் உடையிலிருந்துன்னு எழுத வெச்சேன். ஸ்வெட்டர்னு எழுதக் கூடாதாம். பழைய கடுதாசிய வாபஸ் வாங்கறேன், தப்பு என்னோடதுன்னு புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்தேன். ரெண்டு பக்கம் வந்துச்சு. அந்தம்மாவும் நல்லவங்கதான். கட்டுரையில பவுலின் பேரு மொதல்ல வரட்டும், திட்டத்துல ஒரு எடம் காலியா இருக்குது, அதுக்கும் அதையே கூப்புடலாம்னாங்க. ஆனா ரெண்டுக்கும் அந்தப் புள்ள கையெழுத்து வேணும். நாளையோட கெடு. நாளைக்குச் சாயந்தரம் வரலேன்னா கட்டுரை அது பேரில்லாமப் போயிரும், எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவாங்க. இந்தப் பெட்டிக்கு அடியில கவர்ல இருக்குதுங்க ரெண்டு காகிதமும்.

ஆபீஸ்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு, வாட்ஸப்புல அனுப்புங்க சார், அஞ்சு நிமிச வேலைன்னு. மையில போட்ட கையெழுத்துத்தான் செல்லும்னு சொல்லிட்டேன். நேர்ல போறேன்னுட்டேன். நானா கேட்டு வாங்கிக்கிட்ட வேலை.

அட்டகட்டி வந்துருச்சா? மஞ்சு பொகையாட்டம் எறங்குது பாருங்க. சன்னல் முழுசாத் தொறந்திருக்குதே, எப்பத் தொறந்தீங்க? இருக்கட்டும், இருக்கட்டும். நல்லாத்தான் இருக்குது. அந்தக் கொய்யா இன்னும் இருக்குதுங்களா? ஒண்ணு குடுங்க. காலையில ஒண்ணும் சாப்பிடல.

அந்தப் புள்ள இப்ப இங்க எஸ்டேட் பள்ளிக்கூடத்துல டீச்சர். தற்காலிகம்தான். மாரண்ணன்தான் சொன்னார், அவர்கிட்டப் போன்ல பேசிட்டுத்தான் இருந்திருக்குது. என்னைப் பத்திக்கூடக் கேக்குமாம். 'சார் மத்தியானம் சாப்பிடறாரா?'ன்னு. அதைக் கேட்டதுலேர்ந்துதானுங்க எனக்கு இன்னும் கஷ்டமாப் போச்சு. திட்டுனாலாவது பரவாயில்ல.

கண்டக்டர் ஏன் அப்படிக் கேட்டார்னு இப்பச் சொல்றேன். நான் வர்றது இது அஞ்சாவது தடவ. மொதல் தடவ ஸ்டாப்புலயே எறங்கல, பள்ளிக்கூடம் விட்டிருக்காதுன்னு நெனச்சு வால்பாறை வரைக்கும் போயி, டீ குடிச்சுட்டு, இதே வண்டியில திரும்பிட்டேன். ரெண்டாவது தடவ எறங்கி ரோட்டு மேல நின்னேன். பிள்ளைகள வெளிய கூட்டியாந்து, ஒரு மரக்கட்டையப் பொரட்டி, அடியில எதையோ காட்டிட்டிருந்துச்சு. எல்லாம் சேந்து சிரிக்குதுக. அதுக்கு நடுவுல போயி என்னத்தச் சொல்றது? மூணாவது தடவ மழை. நாலாவது தடவ பள்ளிக்கூடக் கேட்டு வரைக்கும் போயிட்டேன். கேட்டுமேல கைய வெச்சுட்டேன். கேட்டு ஒரே துரு. கையத் தொடச்சுட்டு வரலாம்னு திரும்புனேன், அப்படியே வண்டி வந்துருச்சு, ஏறிட்டேன்.

தனியா ஒரு காரியத்தச் செய்யறது எனக்குப் பழக்கம்தான். முப்பது வருசமா அப்படித்தான் செய்யறேன். இது மட்டும் ஏன் வர மாட்டேங்குதுன்னு தெரியல.

என்ன சொல்லணும்ங்கறதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். 'பவுலின், ஒன்னோட தட்டுல பூசணம் விட்டது நான்தான். நீ வெச்சுட்டுப் போனதப் பாத்தேன். நீ சொன்னது சரி.' அவ்வளவுதான். இப்ப உங்ககிட்டச் சொல்லிட்டேன் பாருங்க, நல்லாத்தானே வந்துச்சு? இந்தப் பெட்டியையும் குடுக்கணும். உள்ள ஒரு தட்டு இருக்குது. புதுசா நான் வளத்தது. காளானும் அந்தப் பச்சையும் ஒண்ணா. கோடு நல்லா வந்திருக்குது, நேத்தைவிட இன்னைக்குத் தடிப்பா. மூடி மேல 'பவுலின் பாக்கறதுக்கு'ன்னு எழுதியிருக்கேன்.

ரொட்டிக்கடை தாண்டிட்டமா? அப்ப அடுத்ததுதான். கண்டக்டர் இங்கதான் பாக்கறார். எந்திரிங்க, நீங்க மொதல்ல எறங்குங்க. பையப் பாத்து. வழுக்குது.

தங்கச்சி வீடு எந்தப் பக்கமுங்க? அந்தப் பக்கமா. பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். வண்டி போயிருச்சு பாருங்க.

ஏனுங்க... உங்களுக்கு அவசரமா? ஒரு பத்து நிமிசம். அந்தக் கேட்டு வரைக்கும் கூட வரீங்களா? நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க. பக்கத்துல சும்மா நின்னாப் போதும், மிச்சத்த நான் பேசிக்கறேன். செருப்பு அறுந்திருக்குதா, பரவாயில்ல, மெதுவாவே போலாம். வர்றீங்களா? நல்லதுங்க.

இந்தப் பெட்டிய மட்டும் சித்தெ பிடிச்சுக்குங்க, அடியில இருக்கற கவர எடுத்துக்கறேன். இல்லீங்க, கையத் தொடைக்கவெல்லாம் வேண்டாம். அப்படியே பிடிங்க.